குசினிக்குள் ஒரு செருப்பு

திருகோணமலை நகரத்தில் எந்தச் செருப்புக் கடைக்குள் நுழைந்து, கால் நோவுக்கு ஏற்ற பெண்கள் செருப்பு இருக்கிறதா என்று கேட்டாலும் நடப்பது ஒன்றுதான். விற்பனைக்கு நிற்கும் பிள்ளை ஒரு சோடியை எடுத்து, அதன் குதிப்பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தி, விழுந்த பள்ளம் மெதுவாக மேலே எழுவதைக் காட்டி, “பாருங்கோ அன்ரி, எவ்வளவு மெத்தென்று இருக்கு” என்பாள். நாமும் அழுத்திப் பார்ப்போம். அந்த இடத்திலேயே பாதி வியாபாரம் முடிந்துவிடும். அழுத்திப் பார்ப்பது ஒரு விரல், நாள் முழுவதும் அழுத்தப்போவது அறுபது எழுபது கிலோ உடம்பு என்பதை அந்தக் கணத்தில் விற்பவரும் நினைப்பதில்லை, வாங்குபவரும் நினைப்பதில்லை. பெட்டியின் மேல் ‘ஓர்தோ’ என்றோ ‘டொக்டர்’ என்றோ அச்சிட்டிருந்தால் சந்தேகமும் போய்விடுகிறது. அப்படி அச்சிடுவதற்கு எந்த டொக்டரும் கையெழுத்து வைக்கத் தேவையில்லை என்பது வேறு கதை.

இதை நான் இவ்வளவு யோசிக்கக் காரணம் என் பெரியம்மா. உப்புவெளியில் இருக்கிறார், வீட்டிலேயே இடியப்பம் அவித்து, விடிவதற்குள் கடைகளுக்குக் கொடுத்து அனுப்புகிற தொழில். ஐம்பது வயதைக் கடந்த பிறகு அவருடைய வலது குதிக்காலில் நோ தொடங்கியது. படுக்கையிலிருந்து எழும்பி வைக்கிற முதல் சில அடிகள்தான் மோசம்; சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வெளியே வருவார். கொஞ்சம் நடந்ததும் குறையும். இருந்துவிட்டு எழும்பினால் மறுபடி வரும். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தவர்கள் குதியெலும்பில் முள்ளு வளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிட, அந்த முள்ளு பெரியம்மாவின் மனதில் ஆழமாகக் குத்திக்கொண்டது. முள்ளு குத்தாதபடி மெத்தையான செருப்பு வேண்டும் என்று அவரே முடிவு செய்துவிட்டார். மெத்தையானதாகவே வாங்கிக் கொடுத்தோம். முதல் நாள் சந்தோஷம். பிறகு நோ எப்போதும்போல.

எக்ஸ்ரேயில் தெரிகிற அந்த முள், வலியே இல்லாத பலருடைய குதியிலும் இருக்கிறது. வலி வருவது பெரும்பாலும் அதனால் அல்ல. குதியெலும்பின் அடியில் தொடங்கி விரல்களின் அடிவரை உள்ளங்காலின் நீளத்துக்கு இழுத்துக் கட்டியதுபோல் ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. உள்ளங்காலின் வளைவு இறங்கிவிடாமல் தாங்குவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. கடினமான தரையில் நெடுநேரம் நிற்பது, உடல் எடை, இறுகிப்போன கெண்டைத் தசை எல்லாம் சேர்ந்து அந்தப் பட்டையைக் குதியெலும்பில் ஒட்டும் இடத்தில் இழுத்துப் புண்படுத்துகின்றன. இரவில் பாதம் கீழ்நோக்கித் தளர்ந்து கிடக்கும்போது பட்டை சுருங்கிவிடுகிறது. காலையில் முதல் அடி வைக்கும்போது திடீரென்று நீள வேண்டியிருக்கிறது. அதனால்தான் அந்த முதல் அடி. நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட வயதில் இது கூடுதலாக வருகிறது. இப்படிப் பார்த்தால், பட்டைக்குத் தேவை வளைவின் கீழே ஒரு தாங்கல். குதியின் கீழே இன்னொரு மெத்தை மட்டும் போதாது. மிக மெத்தையான செருப்பில் குதி ஆழமாகப் புதையும், பாதம் உள்பக்கமாகச் சரியும், பட்டை இன்னும் இழுபடும். கடையில் கட்டைவிரல் சொன்ன சுகம் அங்கே எதிராக வேலை செய்கிறது.

முறுக்கிப் பார்த்தல்

நல்ல செருப்பைக் கண்டுபிடிக்க அழுத்திப் பார்ப்பதைவிட முறுக்கிப் பார்ப்பது நல்லது. ஒரு கையால் குதியையும் மறு கையால் முன்பகுதியையும் பிடித்து, ஈரத் துணி பிழிகிற மாதிரி முறுக்கினால், தாங்கும் செருப்பு கொஞ்சம்தான் இணங்கும். கயிறாக முறுகுவது காலையும் அப்படியே முறுக விடும். அடுத்து, முன்னும் பின்னும் பிடித்து மடித்துப் பார்க்க வேண்டும். நம்முடைய பாதம் நடக்கும்போது மடிவது விரல்கள் தொடங்குகிற இடத்தில், பெருவிரல் மூட்டின் கோட்டில். செருப்பும் அங்கேதான் மடிய வேண்டும். நடுவிலே மடிகிற செருப்பு, வளைவு தாங்கல் எவ்வளவு அழகாகப் புடைத்திருந்தாலும், தாங்குகிற வேளையில் கைவிட்டுவிடும். வளைவுப் புடைப்பு இருப்பது மட்டும் போதாது. அது சரியான இடத்தில் இருக்க வேண்டும். ஒரு அளவு பெரிதாக வாங்கினால் புடைப்பு முன்னே போய் உள்ளங்காலின் தசையைக் குத்தும், சிறிதாக வாங்கினால் குதிக்கருகில் வந்துவிடும். “கொஞ்சம் பெரிசா எடுங்கோ, கால் வீங்கினாலும் போடலாம்” என்கிற புத்திமதி றப்பர் செருப்புக்குச் சரி, இதற்குச் சரிவராது.

குதியைச் சுற்றி ஓரளவு ஆழமான கிண்ணம் இருப்பது முக்கியம். குதியெலும்பின் கீழே இயற்கையே ஒரு கொழுப்பு மெத்தையை வைத்திருக்கிறது. தட்டையான செருப்பில் அது பக்கவாட்டில் பிதுங்கிப் பரவிவிடும், கிண்ணத்தில் அது குதிக்குக் கீழேயே நிற்கும். பின்பட்டியும் வேண்டும். பட்டியில்லாத செருப்பை, அதிலும் விரலிடுக்கில் மாட்டுகிற பாட்டாவை, காலோடு வைத்திருப்பது விரல்களின் பிடிதான். நாம் அறியாமலே ஒவ்வொரு அடியிலும் விரல்கள் சுருண்டு பிடிக்கின்றன, அடி சிறிதாகிறது, கெண்டைக்கால் களைக்கிறது. முற்றிலும் தட்டையான செருப்பு குதிவலிக்காரர்களுக்கு உதவுவதில்லை. இரண்டு மூன்று சென்றிமீற்றர் பரந்த குதியுயரம் பட்டையின் இழுப்பைக் கொஞ்சம் தளர்த்தும். ஆனால் அதற்கு மேல் உயர உயர, பாரம் முன்பாதத்துக்கு நகர்ந்து, குதியின் நோ விரலடிக்கு இடம் மாறும். சேலைக்கு உயரம் வேண்டும் என்று கேட்கிற ஆசிரியைகளுக்கு என் பதில், முன்பக்கமும் பின்பக்கமும் சேர்ந்து உயர்ந்திருக்கும் அடியைத் தேடுங்கள் என்பதுதான். சேலையின் விளிம்பு எங்கே நிற்கிறது என்பதை அது தீர்த்துவிடும். பாதம் சரிவில் நிற்க வேண்டிய அவசியமும் இல்லை.

அளவு விஷயத்தில் கடைகள் நம்மைப் பாதி வழியில் விட்டுவிடுகின்றன. இங்கிலாந்து அளவில் ஓர் எண்ணுக்கும் அடுத்ததற்கும் இடையில் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, ஏறத்தாழ 8.5 மில்லிமீற்றர், ஐரோப்பிய அளவில் சென்றிமீற்றரில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 6.7 மில்லிமீற்றர் அளவு. இரண்டுமே நீளத்தின் கணக்கு. அகலம் பெரும்பாலான பெட்டிகளில் இல்லை. பெண்களின் பாதம் பொதுவாக முன்னே அகன்றும் குதியில் ஒடுங்கியும் இருக்கும். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு பலருக்கு வளைவு தாழ்ந்து பாதம் நிரந்தரமாக நீண்டும் போகிறது. கலியாணத்துக்கு முன் போட்ட அளவையே முப்பது வருடமாகக் கேட்டு வாங்குகிற பெண்களை எனக்குத் தெரியும். அளவைச் சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. பின்னேரத்தில், நாளின் வீக்கம் ஏறிய பிறகு, ஒரு தடித்த தாளின் மேல் இரண்டு கால்களையும் ஊன்றி நின்றபடி வேறொருவரைக் கொண்டு வரைய வைத்து, வெட்டி எடுத்துக் கடைக்குக் கொண்டுபோகலாம். பெரிய காலின் தாளைச் செருப்பின் மேல் வைத்தால், எங்கே விளிம்பைத் தாண்டுகிறது என்பது உடனே தெரியும். இருந்தபடி வரையக்கூடாது, பாரம் இறங்கும்போதுதான் பாதம் விரிகிறது.

ஒரு கேள்வி

இந்த விவரங்களில் பெரும்பகுதியை நான் வாசித்தும் கேட்டும் சேர்த்துக்கொண்டு, பெரியம்மாவுக்கு ஒழுங்கான ஒரு சோடியைத் தேடி வாங்கிக் கொடுத்தேன். கிண்ணம், பின்பட்டி, வளைவு எல்லாம் இருந்தது. அணிந்து பத்திரகாளி அம்மன் கோவிலுக்கும் சந்தைக்கும் போனார். நோ குறையவில்லை. பிறகு பிசியோதெரபிக்குக் கூட்டிப் போனபோது, அங்கே இருந்த இளம் பெண் என்ன செருப்புப் போடுகிறீர்கள் என்று கேட்கவே இல்லை. நான் பையில் கொண்டுபோயிருந்த சோடியை வெளியே எடுக்கும் முன்பே, “அம்மா, நீங்கள் ஒரு நாளில் கூடுதலான நேரம் எங்கே நிற்கிறீர்கள்?” என்று கேட்டார்.

“அடுப்படியிலதான். மூன்று மணிக்கு எழும்பினால் ஏழு மணி மட்டும் நிலைதான்.”

“அப்போது காலில் என்ன?”

பெரியம்மா அந்தப் பெண்ணை ஒரு மாதிரிப் பார்த்தார். “குசினிக்குள்ள ஆர் பிள்ளை செருப்புப் போடுறது?”

நான் சொல்ல வந்ததெல்லாம் அந்தக் கேள்வியில் அடங்கியிருக்கிறது. பெண்களுக்கான நல்ல செருப்பைப் பற்றிப் பேசும்போது நாங்கள் எல்லோருமே வெளியே போகிற செருப்பைப் பற்றியே பேசுகிறோம். வெளியே போவது பெரியம்மாவுக்கு ஒரு நாளில் ஒரு மணித்தியாலமோ அதற்கும் குறைவோ. மீதி நேரம் முழுவதும் அந்த விலை கூடிய சோடி வாசற்படியில் இருக்க, அவர் வெறுங்காலோடு சீமெந்துத் தரையில் நிற்கிறார். முன்பு வீட்டுத் தரை சாணி மெழுகிய மண்; அது கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். இப்போது சீமெந்தும் மாபிளும்தான். காசு வந்த வீடுகளில்தான் தரை இன்னும் கடினம்.

அடுத்த நாள் விடியப்புறம் நான் அவருடைய குசினியில் இருந்து பார்த்தேன். கொதிநீரில் குழைத்த மாவை இடியப்ப உரலில் அடைத்து, இரண்டு கைகளாலும் பிடித்து, தட்டின் மேல் வைத்து அமத்துகிறார். கைப்பலம் அதற்குப் போதாது. உடம்பை முன்னே சாய்த்துப் பாரத்தை உரலுக்கு இறக்குகிறார். ஒவ்வொரு அமத்தலிலும் வலது குதி தரையைவிட்டு ஒரு விரலளவு மேலே எழும்புகிறது, கெண்டைக்கால் இறுகுகிறது, விரல்கள் மாவும் தண்ணீரும் சிந்திய தரையைச் சுருண்டு பிடிக்கின்றன. தட்டு நிறைந்ததும் குதி மறுபடி சீமெந்தில் விழுகிறது. ஒரு தட்டுக்கு ஒன்று என்று பார்த்தாலும் அந்த நான்கு மணித்தியாலத்தில் எத்தனை! பெரியம்மாவின் குதியில் நோவை உண்டாக்கியது தெரு இல்லை.

கடையில் செருப்பு விற்கிற பிள்ளையை நான் கவனித்துப் பார்த்தது அதற்குப் பிறகுதான். மெத்தையை அழுத்திக் காட்டுகிற அவளுடைய காலில் தேய்ந்துபோன தட்டைச் செருப்பு. நாள் முழுவதும் மாபிள் தரையில் நிலை. பெரும்பாலான கடைகளில் இருக்க ஒரு முக்காலி கூடக் கிடையாது. கேரளத்தில் 2018இலும் தமிழ்நாட்டில் 2021இலும் கடை ஊழியர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். அங்கே அது எவ்வளவு தூரம் நடக்கிறதோ, ஆனால் இருக்கை என்பது கேட்டு வாங்கக்கூடிய ஒன்று என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நிற்கும் நேரத்தைக் குறைக்காமல் செருப்பை மட்டும் மாற்றுவதில் கிடைக்கும் பலனுக்கு எல்லை உண்டு.

தெருவைக் காணாத சோடி

குசினிக்குள் செருப்பு என்பதைப் பெரியம்மா ஏற்றுக்கொள்ளப் பல நாள் எடுத்தது. அவருடைய மறுப்பை மூடப்பழக்கம் என்று நான் தள்ளிவிட மாட்டேன். செருப்பு என்றால் தெருவை மிதித்தது, அடுப்படி ஊருக்குச் சாப்பாடு போகிற இடம், அதற்கு அடுத்த கதவு சாமியறை. இதில் நியாயமில்லாதது ஒன்றுமில்லை. அதனால் தெருவையே காணாத ஒரு சோடி என்று பேசித் தீர்த்தோம். கடைப்பெட்டியிலிருந்து நேரே குசினி வாசலுக்கு வந்தது, அங்கேயே இருக்கும், சாமியறைக்குப் போகும்போது கழற்றிவிடுவார். முதல் நாள் அதற்கு மஞ்சள் தண்ணீர் தெளித்துத்தான் காலில் போட்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

குசினிச் சோடிக்குத் தேவைகள் வேறு. தக்கையும் தோலும் வைத்த அடி இங்கே உதவாது; ஈரத்தில் தக்கை பிளக்கும், தோல் பூஞ்சணம் பிடிக்கும். ஜேர்மனியின் பேர்க்கன்ஸ்ரொக் நிறுவனம் 1963இல் தக்கைப் படுக்கை வைத்த முதல் சான்டலை வெளியிட்டதிலிருந்து உலகம் முழுவதும் அந்த வடிவத்தைப் பின்பற்றுகிறார்கள்; வடிவம் நல்லது, கிண்ணமும் வளைவும் விரலிடமும் எல்லாம் அதில் இருக்கின்றன, ஆனால் தேங்காய்ப்பாலும் மாத்தண்ணீரும் சிந்துகிற தரைக்கு அந்தப் பொருள் பொருந்தாது. கழுவி உலர்த்தக்கூடிய ஈவிஏ (EVA) என்னும் இலேசான செயற்கை நுரையில் அதே வடிவம் கிடைக்கிறது. அதிலே கொஞ்சம் இறுக்கமானதைப் பார்க்க வேண்டும், மேலே சில மில்லிமீற்றர் மென்மை, கீழே உறுதி. அடியில் தண்ணீர் வழிந்தோடக்கூடிய வெட்டுகள் இருக்க வேண்டும். குசினியில் வழுக்கி விழுந்தால் குதிவலி சின்ன விஷயமாகிவிடும். ஈவிஏ செருப்பைக் கழுவி நமது மத்தியான வெயிலில் காயப் போடக்கூடாது, சூட்டில் அது சுருங்கும். நிழலில் சாய்த்து வைத்தால் போதும்.

செருப்பு தனியே நோவைத் தீர்த்தது என்று எழுதினால் பொய்யாகும். சுவரில் கைவைத்துக் கெண்டைக்காலை நீட்டுகிற பயிற்சி, எழும்பும் முன்பே படுக்கையில் துவாயை உள்ளங்காலில் போட்டு இழுப்பது, ஐஸ் கட்டிய போத்தலைக் காலின் கீழ் உருட்டுவது என்று அந்தப் பெண் சொல்லிக் கொடுத்ததையும் பெரியம்மா செய்தார். பெரும்பாலானவர்களுக்கு இந்த வலி கத்தி வைக்காமலே சில மாதங்களிலோ ஒரு வருடத்திலோ அடங்குகிறது. அவருக்கும் அடங்கிக்கொண்டு வருகிறது.

வெளிநாட்டில் உறவினர் இருக்கிற வீடுகளுக்கு ஒரு எச்சரிக்கை. கனடாவிலிருந்து சித்தி அனுப்பிய நல்ல சோடி ஒன்றை, நல்லநாளுக்குப் போடலாம் என்று அலுமாரியில் வைத்திருந்தோம். ஒரு கலியாணத்துக்கு எடுத்துப் போட்டபோது மண்டப வாசலிலேயே அடி கட்டி கட்டியாக உதிர்ந்தது. போடாமல் வைத்த செருப்பு எப்படிப் பழுதாகும் என்று எல்லோரும் திகைத்தார்கள். பல சான்டல்களின் அடி பொலியூரித்தேன் நுரை. அதில் ஒரு வகை காற்றின் ஈரத்தை உறிஞ்சி, அந்த நீராலேயே உள்ளே அறுந்து போகிறது. வெப்பமும் ஈரமும் கூடிய கடற்கரை ஊரில், காற்றோட்டமில்லாத அலுமாரியில், அது வேகமாக நடக்கிறது. போட்டு நடப்பதால் அது கெடுவதைவிட வைத்திருப்பதால் கெடுவது கூட. வந்த அன்றே போடத் தொடங்குங்கள்.

காலைக் கேட்க முடியாதபோது

நீரிழிவு உள்ளவர்களுக்கு இதுவரை எழுதியதில் பாதி பொருந்தாது. செருப்பு சரியா என்று காலைக் கேட்டுத்தான் நாம் முடிவு செய்கிறோம். சீனி வருத்தம் நரம்பைத் தொட்ட பிறகு கால் பதில் சொல்லாது. கிளினிக்கில் பத்துக் கிராம் விசையில் வளைகிற ஒரு நைலோன் இழையை உள்ளங்காலில் பல இடங்களில் தொட்டுப் பார்ப்பார்கள். அது தெரியவில்லை என்றால் விரலிடுக்குப் பட்டி வைத்த செருப்பு வேண்டாம், முள்முள்ளாகப் புடைத்த அக்குபிரஷர் செருப்பு வேண்டவே வேண்டாம். விரல்களை மூடிய முன்பகுதி, உள்ளே தையல் துருத்தாத அகன்ற பட்டி, ஒவ்வொரு முறையும் போடும் முன் உள்ளே கைவிட்டுக் கல்லோ முள்ளோ இருக்கிறதா என்று தடவிப் பார்க்கும் பழக்கம், இவைதான் முக்கியம். கொல்லிமலையில் 1914இல் பிறந்த டொக்டர் பால் பிராண்ட், 1946இலிருந்து வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் கால்களைப் பார்த்து, அந்தப் புண்கள் நோயால் தானாக வருவதில்லை, உணர்ச்சியற்ற இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தத்தால் வருகின்றன என்று காட்டினார். நுண்துளை றப்பர் அடி வைத்த செருப்புகள் அந்த வேலையோடு பரவியவை. எம்சிஆர் (மைக்ரோ செல்லுலர் றப்பர்) என்று இன்று நீரிழிவுக்காரர்களுக்கு விற்கப்படுவது அந்த வழியில் வந்ததுதான்.

எங்கள் ஊரில் இவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கோணேசர் கோவிலுக்கு மத்தியானத்தில் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, சுவாமி மலையின் வெயில் குடித்த கல்லில் நடப்பவருக்குச் சுடுவது தெரியாவிட்டால், வீட்டுக்கு வந்த பிறகு கொப்புளத்தைத்தான் காண்பார். வெயில் ஏறும் முன் போவது நல்லது. தடித்த பருத்திக் காலுறையோடு வருகிறவர்களை யாரும் தடுத்ததை நான் காணவில்லை. கன்னியா வெந்நீர்க் கிணறுகளிலும் நீரைக் காலில் ஊற்றும் முன் கையால் பார்க்க வேண்டும்.

அகலப் பிரச்சினைக்குத்தான் கடையில் விடை இல்லை. பஸ் நிலையப் பக்கம் செருப்புத் தைக்கிற ஐயாவிடம் பெரியம்மாவின் வெளிச் சோடியைக் கொண்டுபோனேன். பட்டியைப் பிரித்து, ஒரு துண்டு சேர்த்து, வெல்குரோ வைத்துத் தைத்துத் தந்தார். இப்போது வீக்கத்துக்கு ஏற்பத் தளர்த்தலாம். அவரால் பட்டியைத்தான் மாற்ற முடியும், அடியின் அகலத்தைக் கூட்ட முடியாது. ஆகவே வாங்கும்போது, சுண்டுவிரல் விளிம்புக்கு வெளியே தொங்காத அடியைத் தேர்ந்தெடுத்தால், மீதியை அவர் பார்த்துக்கொள்வார். கொண்டுபோகும்போது செருப்பைக் கழுவிக்கொண்டு போங்கள், மணல் நிறைந்திருந்தால் ஊசி உடைகிறது என்று சொன்னார்.